வகுப்பை எப்படி அடக்குவது? தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கும் நாட்களில் பாதிக் கல்வி டீ இடைவேளையில்தான் நடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கையில் வடையை வைத்துக்கொண்டு, "அக்கா, உங்க கிளாஸ் மட்டும் எப்படிச் சத்தமில்லாம இருக்கு?" என்று கேட்பார்கள். என் வகுப்பிலும் சத்தம் உண்டு. அவர்கள் எட்டிப் பார்த்த அன்று, புது ஆளைக் கண்டு பிள்ளைகள் வாயடைத்துப் போயிருந்திருக்கும், அவ்வளவுதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லா வகுப்பும் எடுத்தாயிற்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே சந்தை மாதிரி இருக்கிறது. அடக்கவே அரை மணி நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது?

இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். இது சரியானால் மற்ற கேள்விகளில் பாதி தானே மறைந்துவிடும்.

ஒரு நாள் பின்பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். டீச்சர் எமிஸ் செயலியில் வருகை பதிவு செய்ய வேண்டும், சிக்னல் கிடைக்காமல் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறார். யாரோ ஒரு அம்மா வாசலில் நின்று சாதிச் சான்றிதழ் பற்றிக் கேட்கிறார். அந்தப் பத்து நிமிடமும் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வேலை இல்லாவிட்டால் அது தானே ஒரு வேலை கண்டுபிடிக்கும். பக்கத்துப் பெண்ணின் சடையை இழுப்பதும் ஒரு வேலைதான்.

நம் பள்ளிகளில் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் முறை) மாநிலம் முழுக்க வந்தபோது, சுவரோரம் தரையை ஒட்டிக் கரும்பலகை பூசினார்கள். பிள்ளைக்கு ஆளுக்கொரு கட்டம். அந்தப் படிகளைக் காட்டிய ஏணிப்படமும் அட்டைகளும் போய்விட்டன, அந்தப் பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. என் வகுப்பில் உள்ளே வரும் பிள்ளை பையை மாட்டிவிட்டு நேரே தன் கட்டத்துக்குப் போய்விடும். முந்தின நாளே பெரிய பலகையில் ஒரு வேலை எழுதி வைத்திருப்பேன்: "வரும் வழியில் பார்த்த மூன்று பொருள்", "7 வருகிற மாதிரி நான்கு கணக்கு", ஒன்றாம் வகுப்புக்கு வெறும் படம். நான் திருத்துவதில்லை, சுற்றி வந்து பார்ப்பேன். அதற்குள் வருகைப் பதிவு முடிந்துவிடும், வாசலில் நிற்கும் அம்மாவுக்கும் பதில் சொல்லியிருப்பேன்.

இதைப் பழக்க மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் பாடமே எடுக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். உள்ளே வருவது, பையை மாட்டுவது, செருப்பை வரிசையாக விடுவது, பலகைக்குப் போவது என்று ஒத்திகை பாருங்கள். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு எத்தனை ஒத்திகை பார்க்கிறோம்? இருநூற்றுச் சொச்சம் நாள் நடக்கப்போகும் விஷயத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் குறைந்து போய்விட மாட்டோம்.

எத்தனை விதிகள் வைக்கலாம்?

மூன்று அல்லது நான்கு. சார்ட் பேப்பரில் பதினைந்து விதி எழுதி ஒட்டினால் அது சுவருக்கு அழகு, பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. "பேசாதே, ஓடாதே, அடிக்காதே" என்று எழுதினால் என்ன செய்யக் கூடாது என்று மட்டும்தான் தெரிகிறது. "ஒருத்தர் பேசும்போது மற்றவர் கேட்போம்", "கை கால் நம்மோடவே இருக்கும்", "எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு என்றால் எழுத வேண்டாம், படம் போதும்.

"சைலன்ஸ்!" என்று கத்தினால் ஒரு நிமிடம் அடங்குகிறார்கள், மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நீங்கள் கத்தும்போது வகுப்பில் இன்னும் ஒரு குரல் கூடுகிறது, அவ்வளவுதான். டஸ்டரால் மேசையைத் தட்டுவதும் அதே ரகம். இரண்டு மாதத்தில் தொண்டை போய்விடும். நம் தொழிலில் பாதிப் பேருக்குக் குரல் கரகரப்பு இருப்பது இதனால்தான்.

ஒரே ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், வருடம் முழுக்க அதை மாற்றாதீர்கள். நான் "தகதிமி" என்று நான்கு தட்டு தட்டுவேன், பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டுவார்கள். இரண்டாம் முறை மெதுவாக. மூன்றாம் முறை ஒரே விரலால். விரல் சத்தம் கேட்க வேண்டுமென்றால் எல்லோரும் வாயை மூடியாக வேண்டும். தட்டி முடித்த அடுத்த நொடி நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது போய்ச் சாக்பீஸ் தேடினால் எல்லாம் வீண்.

கிளாஸ் லீடர் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதலாமா?

வேண்டாம். இதில் எனக்குப் பட்ட அனுபவம் உண்டு.

நாம் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தான். "பேசியவர்கள்" என்று தலைப்பு, கீழே பெயர், பெயருக்கு எதிரே பெருக்கல் குறி, அதையும் தாண்டினால் "அதிகம்", "மிக அதிகம்", கடைசியில் "மி.மி.அ." நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போனேன். நான்காம் வகுப்பு. நல்லாப் படிக்கிற பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் அவள் பையிலிருந்து எதையோ எடுக்கும்போது ஏழெட்டு நெல்லிக்காய், இரண்டு மாங்காய்த் துண்டு, பளபளப்பான ஸ்டிக்கர் அட்டை ஒன்று கீழே விழுந்தது. விசாரித்தால், பெயரை அழிக்க ஒரு நெல்லிக்காய், "மிக அதிகம்" என்பதை வெறும் "அதிகம்" ஆக்க ஒரு ஸ்டிக்கர் பாதி. விலைப்பட்டியலே இருந்தது!

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை கையில் போலீஸ் வேலையையும் நீதிபதி வேலையையும் சேர்த்துக் கொடுத்தது நான். அந்தப் பட்டியலில் தினமும் இருந்த ஒரு பையனுக்கோ அது பழகிப்போய்விட்டது. "என் பேர் எப்படியும் இருக்கும் டீச்சர்" என்று சாதாரணமாகச் சொன்னான். அப்புறம் அவன் ஏன் வாயை மூட வேண்டும்?

லீடருக்கு வேறு வேலை கொடுங்கள். தண்ணீர்ப் பானை, புத்தகம் விநியோகம், பெருக்குமாறு இருக்கும் இடம். வாரத்துக்கு ஒருவர் என்று எல்லோருக்கும் சுற்றி வரட்டும், முக்கியமாக அந்த "மி.மி.அ." பையனுக்கும்.

அடிக்காமல் சமாளிக்க முடியுமா? பெற்றோரே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க" என்று சொல்கிறார்களே?

முதலில் சட்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. பெற்றோர் வாயால் கொடுக்கும் அனுமதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தோலை உரிக்கச் சொன்ன அதே அப்பா, பிள்ளையின் தொடையில் தடிப்பைப் பார்த்தால் மறுநாள் காலை ஊர்க்காரர்களோடு வாசலில் நிற்பார். அது நியாயமும்கூட.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தொழில் கணக்கே போடுவோம். நான் சேர்ந்தபோது மேசை மேல் பிரம்பு இருந்தது. பிரம்பைத் தூக்கினால் வகுப்பு அடங்கியது. நான் வாசலைத் தாண்டியதும் அதைவிட இரண்டு மடங்கு கிளம்பியது. பிள்ளை கற்றுக்கொண்டது "டீச்சர் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது" என்பதை மட்டும்தான். விளையாட்டு இடைவேளையில் பெரிய பையன் சின்னப் பையனை அடிக்கும்போது நான் சொல்லும் அதே வசனத்தைச் சொல்லி அடித்ததை ஒரு நாள் கேட்டேன். குச்சியும் என் மேசைக் குச்சிதான்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதுதான் நல்ல வகுப்பையும் மோசமான வகுப்பையும் பிரிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கண்டிப்பு முறையில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வேறுபாடெல்லாம் தவறு நடப்பதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பு தடங்கலில்லாமல் நகர்ந்தது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை அந்த ஆசிரியர் கவனித்தார். பிரம்புக்கு அந்தப் பட்டியலில் வேலையே இல்லை.

"கண்ணை மட்டும் விட்டுட்டு" என்று சொல்லும் அப்பாவுக்கு நான் சொல்லும் பதில்: "அண்ணே, அடி வீட்டுலயும் வேணாம், இங்கயும் வேணாம். ராத்திரி எட்டரைக்கு டிவிய அணைச்சுட்டுப் படுக்க வைங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." தூங்காத பிள்ளையைப் பத்து மணிக்கே கண்டுபிடித்துவிடலாம்.

தோப்புக்கரணம், முட்டி போடுவது, இம்போசிஷன்?

முதல் இரண்டும் 17ஆம் பிரிவுக்குள்தான் வரும். "அதெல்லாம் மூளைக்கு நல்லது" என்று யோகாசனக் கணக்கில் சேர்க்காதீர்கள். நூறு முறை எழுதச் சொல்வது வேறு விதமான தப்பு: எழுதுவதையே தண்டனை ஆக்கிவிட்டு அப்புறம் "இந்தப் பிள்ளைகளுக்கு எழுதவே பிடிப்பதில்லை" என்று நாமே புலம்புவோம்.

அப்படியானால் தவறு செய்தால் எதுவுமே செய்யக் கூடாதா?

செய்ய வேண்டும். செய்த தவறோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் துடைக்கட்டும். அட்டையைக் கிழித்தால் இடைவேளையில் பசை எடுத்து ஒட்டட்டும். நேரத்தை வீணாக்கினால் விட்ட வேலையை முடித்துவிட்டு விளையாடப் போகட்டும். ஆனால் சாப்பாட்டையும் முழு விளையாட்டு நேரத்தையும் ஒருபோதும் பிடுங்காதீர்கள். ஓடியாட வேண்டிய பையனை உட்கார வைத்தால் அடுத்த பீரியடில் அதை வட்டியோடு திருப்பித் தருவான்.

சொல்வதை அருகில் போய்ச் சொல்லுங்கள். பதினைந்தடி தூரத்திலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முப்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவன் பணிய மாட்டான், பணிந்தால் அவன் கெத்து போய்விடும். பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய் அவன் மேசையில் இரண்டு விரலை வைத்தால் பெரும்பாலும் போதும்.

ஸ்டார், ஸ்டிக்கர், மிட்டாய் கொடுக்கலாமா?

அளவாக, அதுவும் முன்கூட்டியே சொல்லாமல்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல் கடைசியில் அதே பரிசைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவான நேரம் வரைந்தார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலி வேலையாக்கிவிட்டது பரிசு.

என் வகுப்பிலும் ஒரு வருடம் ஸ்டார் சார்ட் பிரமாதமாக ஓடியது. டிசம்பரில் கீழே கிடந்த பென்சிலை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். "எத்தனை ஸ்டார் மிஸ்?" என்று கேட்டான் ஒரு பொடியன். அன்றைக்கே சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் இதை வேதமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குத் துளியும் ஆசையில்லாத விஷயத்தைத் தொடங்கி வைக்க, உதாரணத்துக்கு எழுத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளையை உட்கார வைக்க, இரண்டு வாரத்துக்கு ஸ்டிக்கர் உதவும். பழகியதும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள்.

எப்படிப் பாராட்டுவது? "வெரி குட்" சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பிள்ளைகளுக்கும் அலுத்திருக்கும். எதற்கு வெரி குட் என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "அவ ரப்பர் கேட்டதும் பாதியை உடைச்சுக் கொடுத்தியே, பார்த்தேன்." "நேத்து நாலு தடவ எழுந்த, இன்னைக்கு ஒரு தடவைதான்." இப்படிச் சொல்ல நாம் உண்மையாகவே கவனித்திருக்க வேண்டும், அதுதான் இதில் கஷ்டமே.

"நீ புத்திசாலி" என்ற பாராட்டைக் குறையுங்கள். 1998இல் மியூல்லரும் டுவெக்கும் ஐந்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்துக் கடினமான புதிர் வந்ததும் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

ஒருவரைப் பாராட்டுவதற்காக இன்னொருவரைத் தட்டாதீர்கள். "அவளைப் பார், நீயும் இருக்கியே" என்றால் அந்தப் பெண்ணுக்கு இடைவேளையில் ஒரு குத்து நிச்சயம்.

முழு வகுப்புக்கும் சேர்த்து விளையாட்டு மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. "நன்னடத்தை விளையாட்டு" என்று சொல்லலாம். 1969இல் அமெரிக்காவின் கான்சஸில் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் ஆகியோர் ஒரு நான்காம் வகுப்பில் தொடங்கியது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியின்றி எழுந்தாலோ குறுக்கே பேசினாலோ அந்த அணிக்கு ஒரு குறி. குறைவான குறி வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியுமே குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் இரண்டுமே வெற்றி. பரிசு மதியச் சாப்பாட்டுக்கு முதலில் போவது, நாள் முடிவில் கொஞ்சம் ஓய்வு நேரம், இந்த மாதிரி. பிறகு பால்டிமோரில் 1980களில் ஒன்றாம் வகுப்புகளில் இதைப் பெரிய அளவில் செய்து, அந்தப் பிள்ளைகளை இளைஞர் ஆகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதில் முரட்டுத்தனம் அதிகமாக இருந்த ஆண் பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் குறைந்திருந்தது.

முதல் சோதனையிலேயே ஒரு சுவாரசியம். ஒரு அணியில் இரண்டு பேர் "நாங்க ஆட மாட்டோம்" என்று வேண்டுமென்றே குறி வாங்கித் தங்கள் அணியைக் கவிழ்த்தார்கள். அவர்களைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கான்சஸ் ஆனால் என்ன, கண்டாச்சிபுரம் ஆனால் என்ன, அந்த இரண்டு பேர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள்.

நான் இதை நாள் முழுக்க ஆடுவதில்லை. பத்து நிமிடம், அதுவும் கணக்கு நேரத்தில் மட்டும். மல்லி அணி, முல்லை அணி. இரண்டும் ஜெயிக்க முடியும் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தோற்ற அணி தன் ஆளையே வெளியில் பிடித்து மொத்தும். பரிசு, கடைசிப் பத்து நிமிடம் "கொல கொலயா முந்திரிக்கா".

ஒரே ஒரு பிள்ளை மட்டும் எதற்கும் மசியவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், அந்தப் பிள்ளை ரகளை செய்யும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன் பின் என்ன கிடைத்தது.

மூன்றாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். திடீரென்று சிலேட்டைத் தரையில் அடிப்பான், பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான், நான் வெளியே நிற்கச் சொல்வேன், நிற்பான். கொழுப்பு என்றுதான் நினைத்தேன். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒன்பது சம்பவம். அதில் ஏழு, வரிசையாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கிடைத்தது வாசல். அதாவது படிக்காமல் தப்பிக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான், கதவைத் திறந்துவிடும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல் தருகிறோமே, அதில் அவன் அரும்பு. நான் அவனை எல்லோர் முன்னாலும் மலர் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையாகப் படிக்கச் சொல்வதை நிறுத்தினேன். முந்தின நாளே "நாளைக்கு இந்த ரெண்டு வரி உனக்கு" என்று காதோடு சொல்லி வைத்தேன். சிலேட்டு உடைவது நின்றது. படிப்பு வர இன்னும் ஒரு வருடம் ஆனது, அது வேறு கதை.

நோட்டில் வேறு மாதிரியும் தெரியலாம். காலை பத்து மணிக்கு முன்னால் மட்டும் என்றால் பசியா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த பிறகு முதல் பீரியட் முணுமுணுப்பு என் வகுப்பில் கண்கூடாகக் குறைந்தது. ஆனால் தாமதமாக வரும் பிள்ளை அதையும் தவற விட்டிருக்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா, பலகையைப் பார்க்காத பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். நீங்களே நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். வீட்டில் ஏதோ சரியில்லை, பிள்ளை உடம்பில் காயம் இருக்கிறது என்றால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

"மிஸ், இவன் என்னைக் கிள்ளிட்டான்!" நாள் முழுக்க இதே புகார்.

எனக்குள் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இது ஒருவரைக் காப்பாற்ற வந்த புகாரா, மாட்டிவிட வந்த புகாரா? "அவன் மரத்துல ஏறிட்டான்" என்றால் செருப்பைக்கூடப் போடாமல் ஓட வேண்டும். "அவன் கலர் பென்சில்ல எழுதறான்" என்றால் "சரி, நீ எதுல எழுதற, காட்டு" என்று பேச்சை மாற்றிவிடலாம். கிள்ளல், தள்ளல் எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். எழுதிப் போடு, மூன்று மணிக்குப் பார்க்கலாம் என்பேன். எழுத வேண்டும் என்றதும் பாதிப் புகார் அங்கேயே செத்துவிடும். மீதியில் நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

கெட்ட வார்த்தை பேசுகிறார்கள்.

அர்த்தம் தெரிந்து பேசுவதில்லை, வீட்டிலும் தெருவிலும் கேட்டதுதான். அதிர்ச்சி காட்டினால் அந்த வார்த்தைக்கு மவுசு கூடும். "அது இந்த ரூமுக்குள்ள வேணாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஆனால் ஜாதிப் பெயரையோ உடம்பின் குறையையோ சொல்லித் திட்டினால் அப்படி விட முடியாது. அன்றே, அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்திப் பேச வேண்டும்.

சில பிள்ளைகள் "இவ பக்கத்துல உக்கார மாட்டேன்" என்கிறார்கள். எப்படி உட்கார வைப்பது?

ஏன் என்று முதலில் கேட்டுவிடுங்கள். சண்டை என்றால் நாளைக்குச் சரியாகிவிடும். "அம்மா சொல்லியிருக்காங்க" என்று தலையைக் குனிந்தால், அது தெருவிலிருந்து வந்த பதில். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை ஜாதியின் பேரால் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மறு வருடம் தந்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. பெரிய வகுப்புகளை நினைத்துப் பேசப்பட்டாலும் எனக்கு அது தொடக்கப் பள்ளியில் கைகொடுத்தது. "அ-ன்னாவுக்கு அப்புறம் ஆ-வன்னாதான வரும்?" என்றால் எந்த அம்மாவும் எழுத்தோடு சண்டைக்கு வர முடியாது. திங்கட்கிழமை தோறும் ஒன்றுவிட்ட வரிசைகளை மட்டும் ஒரு இடம் தள்ளிவிடுவேன். ஒரு பருவத்துக்குள் ஒவ்வொருவரும் பல பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

2025இல் "ப" வடிவில் உட்கார வைப்பது பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். இருபது பிள்ளைக்கு அழகு. நாற்பது பிள்ளையும் ஒடுங்கிய அறையும் என்றால் ஓரத்துப் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியபடியே பலகையைப் பார்க்க வேண்டும். கதைக்கும் கலந்து பேசவும் "ப", பலகைக்கு வரிசை என்று மாற்றிக்கொள்வேன். பாய் விரித்து உட்காரும் வகுப்புக்கு இது சுலபம்.

ஒன்றுக்குப் போகணும் என்று ஒருவன் எழுந்தால் பத்துப் பேர் எழுகிறார்கள்.

முதல் பிள்ளையை எப்போதும் விட்டுவிடுங்கள். அனுமதி மறுத்து ஒரு பிள்ளை வகுப்பிலேயே நனைத்துக்கொண்டால் அந்த அவமானம் ஐந்தாம் வகுப்புவரை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஆணியில் இரண்டு அட்டை மாட்டி வைத்திருக்கிறேன், ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று. அட்டை ஆணியில் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒரு வகுப்புக்கு நடத்தும்போது இன்னொன்று கத்துகிறது.

அறுபது பிள்ளைவரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்திலேயே உள்ள கணக்கு. ஆகவே பல கிராமப் பள்ளிகளில் இது விதிவிலக்கு அல்ல, தினசரி வாழ்க்கை. நான் செய்வது: கற்றுத்தர வேண்டிய வகுப்பை என் பக்கம் உட்கார வைத்து, பழகிய வேலையைச் செய்யும் வகுப்பை அப்பால் வைப்பேன். அப்பால் இருப்பவர்களுக்குப் புது வேலை ஒருபோதும் கொடுக்க மாட்டேன். புதிது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "புரியல மிஸ்" என்று வருவார்கள். அவர்களுக்கு "மூன்று பேரைக் கேள், அப்புறம் என்னைக் கேள்" என்று விதி. சத்தம் வரும், வரட்டும். வேலை செய்யும் சத்தத்துக்கும் வேலையில்லாத சத்தத்துக்கும் வித்தியாசம் ஆறு மாதத்தில் உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டால் நாலு பேர் மட்டும் "மிஸ் மிஸ்" என்று கத்துகிறார்கள், மற்றவர்கள் பேசுவதே இல்லை.

கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எண்ணிப் பாருங்கள், மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தால் கத்துவதற்கும் காரணமில்லை.

பேசாத பிள்ளைகள் தொல்லை தருவதில்லை என்பதால் நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். மாலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, இன்று யாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

கோபத்தில் கத்திவிட்டேன். பிள்ளை அழுதுவிட்டது. இப்போது என்ன?

மறுநாள் வரை தள்ளிப்போடாமல் "மிஸ் கத்தினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தால் எல்லோர் முன்னாலும். மரியாதை போய்விடும் என்று பயப்படாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சொன்னபோது அந்தப் பொடிசு "பரவால்ல மிஸ், எங்கம்மாவும் இப்படித்தான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னது.

கடைசிப் பீரியடில் எதுவுமே எடுபடுவதில்லை.

எடுபடாதுதான். மூன்று மணிக்கு மேல் சத்துணவு முட்டையும் வெயிலும் சேர்ந்து நமக்கே கண்ணைச் செருகும். அங்கே போய் வகுத்தலை வைக்காதீர்கள். கதை, பாட்டு, பொம்மலாட்டம், மரத்தடி. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் காலை மாதிரியே ஒரே ஒழுங்கில் நடக்கட்டும்: கீழே கிடக்கும் காகிதத்தை ஆளுக்கு மூன்று பொறுக்குவது, பையைக் கட்டுவது, வாசலில் ஒவ்வொருவராக என் கையைத் தட்டிவிட்டுப் போவது. அன்றைக்கு என்னிடம் திட்டு வாங்கிய பிள்ளையின் கையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வந்துடு, பானைக்குத் தண்ணி ஊத்தற முறை உன்னோடது" என்பேன்.